குறியீடு ஏழு

ஐந்து ரோட்டில், பேக்கரிக்கு மேல், இரண்டாம் மாடி.
ஒரு கூரைக்கு நாற்பது பைசா.
மூலைக்கு மூலை சொடுக்கி,
தொடங்கிய புள்ளியிலேயே கோட்டை முடிக்க வேண்டும்.
மூடாத கோடு வீடாகாது,
கணக்கில் வராது.

எனக்கு வந்தது தாள் 214.
ஜப்பானில் ஒரு கடலோரத்து ஊர். பெயர் மூன்று எழுத்து.
முதல் எழுத்து ஏணி,
இரண்டாவது குடை பிடித்த ஆள்,
மூன்றாவதை எதோடும் ஒப்பிட முடியவில்லை.

மலை நேராக இறங்கிக் கடலில் கால் வைக்கிறது.
மிச்சம் கிடைத்த இடத்தில் ஊர்,
மூன்று பேர் சீட்டில்
நான்காவதாய் ஒட்டி உட்கார்ந்தவர் மாதிரி.
ரயில்பாதை ஒரு குகையிலிருந்து வந்து
இன்னொரு குகைக்குள் போய்விடுகிறது.
திருமணிமுத்தாற்றைவிடச் சின்ன ஆறு,
ஆனால் அடியில் கல் தெரிகிறது.
நிழல்களின் நீளத்தை வைத்துச் சொல்கிறேன்,
அங்கே எப்போதும் காலை பதினொன்றரை.

முதல் வாரம்
கரையில் வரிசையாய் வெள்ளைப் பாய்களைப் பார்த்து
"ஐயோ, ஜவ்வரிசி காயுது" என்று கத்திவிட்டேன்.
பூங்கோதை சிரித்த சிரிப்பில் டீ கீபோர்டில் கொட்டியது.
நான் என்ன செய்ய?
ஆத்தூர் ரோட்டில் பிறந்தவளுக்கு
வெயிலில் வெள்ளையாய்க் காய்வதெல்லாம் கிழங்கு மாவு.
சர்புதீன் சார் கையேட்டைத் திருப்பிக் காட்டினார்:
பொடிமீன்.
அவித்து, உலர்த்தி, எடை போட்டு அனுப்புகிறார்கள்.
அந்த ஊரின் அரிசி அங்கிருந்து வருகிறது.

ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று படங்கள்.
அறுபத்தொன்றில் எடுத்தது கறுப்பு வெள்ளை.
துறையில் அறுபத்தெட்டுப் படகுகள்
(படகுக்குக் காசில்லை, நானாக எண்ணினேன்).
எண்பத்து நான்கில் முப்பத்தைந்து.
கடைசிப் படத்தில் ஒன்பது.
பள்ளி மைதானத்தின் ஓட்டப்பாதை மட்டும் மூன்றிலும் இருக்கிறது,
கடைசியில் அதற்குள்ளே
குழந்தைகள் நின்ற வரிசையில் சூரியத் தகடுகள்.

மலைச்சரிவில் ஒரு கல். அதன் நிழல் மூன்று புள்ளி.
அதையும் குறிக்கச் சொல்லியிருந்தார்கள்.
'கடல் இதுவரை ஏறி வந்தது'
என்று அதில் வெட்டியிருப்பதாகக் கையேடு சொன்னது.
கல்லுக்குக் கீழே நூற்றுப்பன்னிரண்டு கூரைகள் வரைந்தேன்.
மேலே, நான்கு.
எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.
நானும் ஏரிக்கரைத் தெருவில்தான் குடியிருக்கிறேன்.
ஏரி எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை,
ஐப்பசி மழையைத் தவிர.

ஆளில்லாத வீட்டுக்குக் குறியீடு ஏழு.
கூரையில் செடி, பாதையில் புல்,
வாசலில் வண்டி இல்லை என்றால் ஏழு.
ஆற்றின் வளைவில் கடைசி வீடு.
செடி இருந்தது. புல் இருந்தது.
மாடிக் கம்பியில் ஒரு சிவப்புப் போர்வையும் இருந்தது.
ஒன்று என்று போட்டேன்.

திரும்பி வந்தது.
"கூரை சரிஞ்சிருக்கு பாரும்மா. ஏழு."
போர்வையைக் காட்டினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க அது
சிவப்புச் சதுரங்களாய்ப் பிரிந்துபோனது.
"படமே மூணு வருஷப் பழசு" என்றார்.
"அப்ப இப்ப யாராவது இருப்பாங்களா, சார்?"
"இப்ப என்பது நம்ம வேலையில்லை."
கோபமாகச் சொல்லவில்லை.
அவருக்கும் சாயங்காலத்துக்குள் இருநூறு தாள்.

ஏழு என்று மாற்றினேன்.
திருத்தத்துக்குக் காசு கிடையாது.
ஜன்னலில் சேர்வராயன் மலை பாதிதான் தெரிந்தது,
மீதியை மேகம் வைத்திருந்தது.

மறுநாள் தாள் 215.
முழுக்கக் கடல். வரைய ஒன்றுமில்லை.
பூங்கோதை, "காலின்னு போட்டு அனுப்பு, டீ குடிக்கப் போவோம்" என்றாள்.
போவதற்கு முன் ஒருமுறை
மூலையிலிருந்து மூலைக்குத் தள்ளிப் பார்த்தேன்.
எங்களூரிலிருந்து கடல் ஐந்து மணி நேரப் பஸ்.
இவ்வளவு தண்ணீரை
ஒருத்தியாய் நான் பார்த்ததே இல்லை.

வலது ஓரத்தில் அரிசி அளவில் ஏதோ.
பெரிதாக்கினேன்.
பத்தாவது படகு.
அதன் பின்னால் வெள்ளையாய் ஒரு கோடு,
ஊர்ப் பக்கமிருந்து வந்து
மூடாமல்.